எல்லாத்துக்கும் அஞ்சு

பதினோரு பெண்கள் சேர்ந்து ஒரு பொய் சொன்னார்கள். திட்டம் போட்டுச் சொன்னதல்ல. காலை ஏழே முக்காலுக்கு, கம்பெனி பஸ்ஸில், பாதித் தூக்கத்தில், ஒருத்தி சொல்ல மற்ற பத்துப் பேரும் தலையாட்டிய பொய் அது. அதனால் என்ன, பொய் பொய்தானே. அந்தப் பத்துப் பேரில் சாராளும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், யார் வம்புக்கும் போகாதவள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஜன்னலோர சீட்டு கிடைத்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் சாராளுக்கு உலகமே மறந்துவிடும்.

தேர்வாய் கண்டிகையில் இருசக்கர வண்டிகளுக்கு அலுமினிய மூடி வார்க்கிற ஒரு கம்பெனியில், செக்கிங் பிரிவில், அவளுக்குப் பதினாலு வருஷ சர்வீஸ். வார்த்து வந்த மூடியைக் கையில் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்க வேண்டும். நூலிழை விரிசலோ ஊசிமுனை ஓட்டையோ இருந்தால் சிவப்புப் பெட்டி, இல்லையென்றால் பச்சைப் பெட்டி. ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் மூடி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே இடுப்பு ஒடிந்தவர்கள். அந்த வீட்டில் மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்றெல்லாம் பார்த்த முதல் ஆள் இவள்தான். மகள் பிரின்சி சென்னையில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். புருஷன் சின்னராசு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் கூலி. அவனுக்கு வேலை இருக்கிற மாதமும் உண்டு, வீட்டில் கிடந்து விட்டத்தைப் பார்க்கிற மாதமும் உண்டு. ஆக, குடும்பம் ஓடுவது சாராளின் வேலையை நம்பித்தான்.

அந்த வேலைக்குத்தான் இப்போது கேமரா வருகிறது என்றார்கள். மூடிகள் பெல்ட்டில் ஓடும், கேமரா படம் பிடித்து நல்லது கெட்டது சொல்லும், பக்கத்தில் டேப்லெட்டோடு ஒரு ஆள் நின்று அதைச் சரிபார்க்க வேண்டும். டேப்லெட்டில் வேலை செய்யத் தெரிந்தவர்கள் செக்கிங்கிலேயே இருக்கலாம். தெரியாதவர்களை பேக்கிங்குக்கு அனுப்புவார்கள். பேக்கிங் முழுக்க கான்ட்ராக்டர் கையில். அங்கே போனால் பதினாலு வருஷ சர்வீஸும் கோவிந்தாதான்.

இந்த லட்சணத்தில்தான் கம்பெனி வாட்ஸப் குரூப்பில் ஒரு ஃபார்ம் வந்தது. உங்களுக்கு என்னென்ன தெரியும், நீங்களே மதிப்பெண் போடுங்கள் என்று இருபது கேள்வி. ஒன்று என்றால் சுத்தமாகத் தெரியாது. ஐந்து என்றால் அடுத்தவருக்குச் சொல்லித்தரும் அளவுக்குத் தெரியும். அன்றைக்கே நிரப்பி அனுப்ப வேண்டும்.

புதுவாயலில் ஏறுகிற பதினோரு பெண்களுக்கும் போன் விஷயத்தில் சந்திரகலாதான் மந்திரி. ரீசார்ஜா, சந்திரகலா. போட்டோ அழிந்துவிட்டதா, சந்திரகலா. பெரிய போன் வைத்திருப்பாள், வாய் அதைவிடப் பெரிசு. போன வருஷம் அவளுடைய ஓரகத்தி வேலை பார்த்த கம்பெனியில் இதே மாதிரி ஒரு ஃபார்ம் கொடுத்தார்களாம். தெரியாது என்று எழுதிக்கொடுத்த இருபது பேரையும் அடுத்த மாதமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்களாம். சந்திரகலா அதைச் சொன்னதும் பத்துப் பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டா யாரும் நம்மள ஒண்ணும் கேக்க முடியாது. நம்பரச் சொல்லுங்க, நானே போட்டுடறேன்" என்றாள்.

ஆளாளுக்குத் தங்கள் கம்பெனி டோக்கன் நம்பரைச் சொன்னார்கள். சந்திரகலாவின் கட்டைவிரல் வலது ஓரமாக மேலிருந்து கீழே டொக்கு டொக்கென்று இறங்கிக்கொண்டே போனது. சாராள் தன் நம்பரைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபது கேள்வியில் ஒன்றைக்கூட அவள் படிக்கவில்லை. பஸ் கம்பெனி கேட்டுக்குள் நுழையுமுன் பதினோரு ஃபார்மும் போய்ச் சேர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். ஒரு தாளில் பதினாலு பேர், அவர்களுக்கு ஆறு வாரம் பயிற்சி. இன்னொரு தாளில் இந்தப் பதினோரு பேர். மேலே கொட்டை எழுத்தில் 'பயிற்சி தேவையில்லை' என்று இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கைகொடுத்தார்கள். லைன் சூப்பர்வைசர் அருணாச்சலம் தன் கைக்காசில் டீ சொல்லி, இவ்வளவு பெரிய ஆளைப் பதினாலு வருஷமாக மூடி திருப்ப வைத்துவிட்டேனே என்று சாராளிடம் வருத்தப்பட்டார். கிண்டல் இல்லை, மனுஷன் நிஜமாகவே வருத்தப்பட்டார். அதுதான் சாராளுக்குத் தாங்க முடியவில்லை.

சந்திரகலாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அஞ்சு போட்டதுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள் என்று ஊரைக் கூட்டினாள். கீழே பொடி எழுத்தில் என்னவோ இருக்கிறதே, கண்ணாடி கொண்டுவரவில்லை, யாராவது படியுங்கள் என்றாள். பஸ்ஸில் கூட வருகிற அஞ்சம்மாள் படித்தாள். இவர்களுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரடித் தேர்வு. தேறாதவர்கள் திங்கள்முதல் பேக்கிங் பிரிவு. மறுவாய்ப்பு கிடையாது.

 கையில் இருந்த டம்ளரைக் கீழே வைக்கக்கூட ஒருத்திக்கும் தோன்றவில்லை. அந்தப் பக்கம் தெரியாது என்று எழுதிக்கொடுத்த பதினாலு பேரும் பயிற்சிக்குப் பேனா வாங்குவதா நோட்டு வாங்குவதா என்று பேசிக்கொண்டு போனார்கள்.

அன்று ராத்திரி சாப்பாடு முடித்துவிட்டு சாராள் போனைக் கையில் எடுத்தாள். தேர்வில் எக்ஸெல் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பிரின்சி எப்போதோ போனில் ஏற்றி வைத்த எக்ஸெல் அப்படியே கிடந்தது. திறந்தாள். கட்டம் கட்டமாக வந்தது. தன் டோக்கன் நம்பரை ஒரு கட்டத்தில் அடித்தாள், விழுந்தது. ஒரு கோடு தெரிந்தது, அதைப் பிடித்து இழுத்தாள். நம்பர் காணாமல் போய் அந்த இடத்தில் வேலி போட்ட மாதிரி வரிசையாக ஏதோ குறிகள் வந்து நின்றன. கெடுத்துவிட்டோம் என்று நினைத்து அவசரமாகப் போனையே அணைத்துவிட்டாள். கட்டம் சின்னதானால் நம்பருக்கு இடம் போதாமல் அப்படித்தான் காட்டும் என்பது அவளுக்கு யார் சொல்லித் தெரியும்?

சட்டையெல்லாம் சாம்பல் தூளோடு வந்த சின்னராசுவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் கை கழுவிக்கொண்டே காதில் வாங்கிக்கொண்டான். போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறது என்று அவள் சொன்னதும் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாமே நீ, வெவரம் இல்லாம பேசிக்கினு இருக்க. பொய் எழுதிக் குடுத்தோம்னு நீயே போய்ச் சொன்னா, அதுக்கே சீட்டக் கிழிச்சுடுவான். வாய மூடிக்கினு போய் உக்காரு. ஃபெயிலானா பதினோரு பேரும்தான ஆவீங்க."

பதினோரு பேரும் ஃபெயிலானால் அவளுக்கு என்ன லாபம்? பிரின்சியின் காலேஜ் என்ன பதினோரு பேருக்கும் சேர்த்தா நடக்கிறது? ஆனாலும் அவன் சொன்னதில் பயம் இருந்தது, அந்தப் பயம் நியாயமாகவும் இருந்தது. புதன்கிழமை முழுக்க அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கு மூன்று விரிசல் மூடியைப் பச்சைப் பெட்டியில் போட்டுவிட்டாள். அருணாச்சலம் எடுத்துக் காட்டினார். பதினாலு வருஷத்தில் அப்படி ஆனதே இல்லை.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே எழுந்து ஹெச்.ஆர். அறைக்குப் போனாள். காயத்ரி மேடம் திருவள்ளூரில் இருந்து வருகிறவள், முப்பது வயசு இருக்கும், எப்போதும் இரண்டு போனும் ஒன்றாக அடித்துக்கொண்டே இருக்கும். சாராளைப் பார்த்ததும், "வாங்க அக்கா, உக்காருங்க, வாழ்த்துகள்" என்றாள். வாழ்த்தைக் காதில் வாங்கிக்கொண்டு சாராள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"மேடம், அந்த ஃபார்ம்ல போட்டது ஒண்ணுமே நெஜம் இல்ல. நான் அதப் படிக்கவே இல்ல. எனக்கு எக்ஸெல்லுன்னா இன்னான்னுகூடத் தெரியாது."

சொல்லி முடித்துவிட்டுச் சீட்டுக் கிழிவதற்காகக் காத்து நின்றாள். காயத்ரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரில் எதையோ தேடித் திறந்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்றாவது பக்கம். அங்கே அவள் கண் நின்றது. மெல்ல வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று சாராள் பயந்தே போனாள். அழவில்லை, சிரிக்கிறாள்.

விஷயம் இதுதான். ஃபார்ம் தயாரித்துக் கொடுத்த வெளிக் கம்பெனிக்காரர்கள் பதினாலாவது கேள்வியாக ஒரு பொறி வைத்திருந்தார்கள். 'தாரகை மென்பொருளில் உங்களுக்கு எவ்வளவு பழக்கம்?' என்பது கேள்வி. தாரகை என்று ஒரு மென்பொருளே கிடையாது. யார் படிக்காமல் போடுகிறார்கள் என்று பிடிப்பதற்காகச் சும்மா ஒரு பேரை வைத்தது. பதினோரு பேரும் அதற்கும் அஞ்சு போட்டிருந்தார்கள். உலகத்திலேயே இல்லாத ஒன்றை அடுத்தவருக்குச் சொல்லித்தரும் அளவுக்குக் கற்றுவைத்திருந்தார்கள் இந்தப் புதுவாயல் பெண்கள்.

சிரித்து முடித்ததும் காயத்ரியின் முகம் வாடிவிட்டது. அவர்கள் அனுப்பிய அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் பதினோரு ஃபார்மையும் நம்ப வேண்டாம் என்று சிவப்பில் எழுதித்தான் இருந்தது. தலைமை ஆபீசில் இரண்டு மணி நேரத்தில் பட்டியல் வேண்டும் என்று பறந்தார்கள், இவள் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து நோட்டீஸ் அடித்து ஒட்டிவிட்டாள். நீங்களும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை அக்கா என்றாள் மெதுவாக. அதைக் கேட்டபிறகுதான் சாராள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரைக்கும் திருத்தி எழுத இடம் இருக்கிறது என்று காயத்ரி சொன்னாள். ஆனால் அவரவர் கையால் போட வேண்டும். ஒரு டேப்லெட்டை எடுத்து சாராள் முன்னால் வைத்துவிட்டு, தான் பார்த்தால் கூச்சமாக இருக்கும் என்று நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முதல் கேள்வி டைப் அடிப்பதைப் பற்றி. சாராள் எதையும் அடிப்பதில்லை, எல்லாம் குரலில் பேசி அனுப்புவதுதான். ஒன்று போட்டாள். பாஸ்வேர்டு பற்றிய கேள்வி. அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான், பிரின்சி பிறந்த தேதி, அது பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒன்று. எக்ஸெல், அந்த வேலிக் குறிகள் கண்முன்னால் வந்து நின்றன. ஒன்று. இப்படியே போனால் முழுக்க ஒன்றுதான் வரும், அப்புறம் இவளை எதற்கு வைத்துக்கொள்வார்கள் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அடுத்த கேள்வி, 'ஆன்லைன் கூட்டம் நடத்துவீர்களா?' இது ஆபீசர் சமாச்சாரம் என்று ஒன்றில் விரலைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். கொரோனா காலத்தில் சர்ச் பூட்டிக் கிடந்தபோது பெண்கள் ஜெபக்கூட்டத்தை ஏழு மாதம் போனிலேயே நடத்தியது யார்? நாற்பது பேரை ஒவ்வொருத்தராக உள்ளே விட்டு, பின்னால் குக்கர் விசில் அடிக்கிறவர்களின் சத்தத்தை அடைத்து, பாட வேண்டியவர்களுக்கு மட்டும் திறந்துவிட்டு. அது கூட்டம் இல்லையா? ஜெபம் என்பதால் அதை அவள் கம்ப்யூட்டர் கணக்கில் சேர்த்ததே இல்லை. நாலு போட்டாள். போடும்போதே கொஞ்சம் வெட்கமாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

மோசடி லிங்க்கை அடையாளம் காண்பீர்களா என்று ஒரு கேள்வி. கரண்ட் பில் கட்டவில்லை, ராத்திரி ஃபியூஸ் பிடுங்கிவிடுவோம், இதை அமுக்கு என்று வந்ததை அமுக்காமல், தெரு முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் அவள். நாலு. குறையைப் படம் எடுத்து உரியவருக்கு அனுப்புவீர்களா? தினம் அருணாச்சலத்துக்கு அனுப்புகிறாளே. வெளிச்சத்தில் மூடியை எப்படிச் சாய்த்தால் விரிசல் படத்தில் விழும் என்று இரண்டாம் ஷிப்ட் பெண்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அஞ்சு என்றால் சொல்லித்தரும் அளவுக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம்? யோசித்து யோசித்து அஞ்சைத் தொட்டாள். அந்த ஃபார்மில் அவள் போட்ட ஒரே அஞ்சு அதுதான். தாரகை வந்தபோது ஓங்கி ஒரு ஒன்று போட்டாள்.

இருபதாவது கேள்வியில்தான் அதிக நேரம் ஆனது. 'தெரியாததைத் தெரியாது என்று மேலதிகாரியிடம் சொல்வீர்களா?' அதற்கும் பஸ்ஸில் அஞ்சு போட்டாயிற்று என்று நினைக்க அவளுக்கே சிரிப்பு வந்தது. பதினாலு வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்? ஒரே தடவை, அதுவும் அரை மணி நேரத்துக்கு முன்னால். இரண்டு போட்டாள்.

நூற்றுக்கு நாற்பத்தேழு வந்தது. முன்னால் நூற்றுக்கு நூறு. இத்தனை வருஷத்தில் சாராளுக்கு மதிப்பெண் குறைந்து இவ்வளவு நிம்மதி வந்ததில்லை. இன்னின்னது தெரியும், இன்னின்னது தெரியாது என்று ஒரு கோடு கிழித்துப் பார்த்ததும், தெரியாத பக்கம் அவள் பயந்த அளவுக்குப் பெரிசாக இல்லை. காயத்ரி பட்டனை அமுக்கினாள். அமுக்கியவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பதினோரு ஃபார்மும் ஒரே போனில் இருந்து போனதால் கம்ப்யூட்டர் அதை ஒரே கட்டாகப் பிடித்து வைத்திருந்தது. ரத்து செய்தால் பதினொன்றும் ரத்தாகும், ஒன்றை மட்டும் பிரிக்க முடியாது. நாளை மாலை ஐந்துக்குள் பதினோரு பேரும் தங்கள் கையால் திருத்திப் போட்டால் எல்லோரும் பயிற்சிக்குப் போகலாம். ஒருத்தி போடாவிட்டாலும் பழைய நூறுதான் நிற்கும், எல்லோரும் சனிக்கிழமை தேர்வில் போய் உட்கார வேண்டியதுதான்.

சாயங்காலம் பஸ் கேட்டைத் தாண்டியதும் சாராள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.  முடித்ததும் சந்திரகலா வெடித்தாள்.

"யாரக் கேட்டுக்கினு நீ போன? உனக்கு மட்டும் நல்ல பேரு வேணும்னு எங்க எல்லாரையும் காட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கற."

 அது நிஜம்தான், சாராள் யாரையும் கேட்காமல்தானே போனாள்.  அப்புறம் அஞ்சம்மாள் மெதுவாக, அந்தத் தாரகை என்பது என்ன என்று கேட்டாள். அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை, நம் பதினோரு பேருக்கும் மட்டும்தான் அது தெரியும் என்றாள் சாராள். முதலில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் பஸ் முழுக்கச் சிரிப்பு, டிரைவரே கண்ணாடியில் திரும்பிப் பார்த்தார். மூன்று நாளாக நெஞ்சில் கட்டிக்கொண்டிருந்தது எல்லாம் சிரிப்பாகப் போயிற்று. நாளைக்கே போய்ப் போட்டுவிடுகிறோம் என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். சந்திரகலா மட்டும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புதுவாயல் வந்ததும் யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் நாலு பேர், சாப்பாட்டு நேரத்தில் ஐந்து பேர் காயத்ரியின் அறைக்குப் போய்வந்தார்கள். அஞ்சம்மாளுக்கு முப்பத்தெட்டு வந்தது, ஏதோ பரிசு வாங்கிய மாதிரி லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சாராளையும் சேர்த்தால் பத்து. மணி நாலு ஆயிற்று, நாலே காலும் ஆயிற்று. சந்திரகலா தன் இடத்தில் தலை நிமிராமல் மூடிகளைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். நாலரைக்கு சாராள் திரும்பிப் பார்த்தபோது அந்த இடம் காலியாக இருந்தது.

அருணாச்சலத்திடம் ஐந்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஓடினாள். கான்டீனில் இல்லை, பாத்ரூமில் இல்லை. உடை மாற்றுகிற அறையில், லாக்கருக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் சந்திரகலா. சாராளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பத்துக் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இங்கே வந்து ஒளிந்துகொண்டிருக்கிறாளே என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். சந்திரகலா நிமிர்ந்து பார்த்த பார்வையில் அது வாயிலேயே நின்றுவிட்டது.

"எனக்குப் படிக்க வராதுக்கா" என்றாள் சந்திரகலா.

சாராளுக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷம் எல்லோர் போனையும் பார்த்துக் கொடுத்தவள் ஆயிற்றே.

"படத்தப் பாத்துத்தான் அமுக்குவேன். எது எங்க இருக்குதுன்னு தெரியும், அவ்ளோதான். எழுத்துக்கூட்டினா ஒரு வரி படிக்கவே அர நாழி ஆவும். அன்னிக்கு பஸ்ஸுல எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தீங்க. கேள்வியப் படிச்சுக் காட்டுன்னு யாராச்சும் கேட்டுட்டா? அதான் எல்லாத்துக்கும் அஞ்சுன்னேன். அஞ்சு கடைசியா ஓரத்துல இருந்துச்சு, படிக்காமயே அமுக்கிக்கினு போய்டலாம்."

ஓரகத்தி கதை உண்மைதானாம். ஆனால் அது சொல்வதற்குக் கிடைத்த சாக்குதான். சாராள் லாக்கரில் சாய்ந்துகொண்டு அப்படியே நின்றாள். ஆறு வருஷமாக ஒரே பஸ்ஸில், ஒரே லைனில், டிபன் பாக்ஸைக் கூடப் பங்கு போட்டுக்கொண்டவள். நோட்டீஸ் வந்தால் கண்ணாடி மறந்துவிடும், மெசேஜ் வந்தால் நெட்வொர்க் இருக்காது. ஒருத்திக்கும் சந்தேகம் வந்ததில்லை. எவ்வளவு பாடுபட்டிருப்பாள் இதை மறைத்து வைக்க! ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. 

மணி நாலு முப்பத்தெட்டு. சாராள் அவளுடைய கையைப் பிடித்து எழுப்பினாள். உன் கையால் போட வேண்டும் என்றுதான் சட்டம், உன் கண்ணால் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எழுந்து வா என்றாள். மேடத்துக்குத் தெரிந்துவிடுமே என்றாள் சந்திரகலா. தெரியட்டும் என்றாள் சாராள். நாற்பத்தேழு வாங்கினவள் நான், என்னோடு வா.

ஹெச்.ஆர். அறை வாசலில் சந்திரகலாவின் கால் ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் அவளே உள்ளே போனாள், அவளே சொன்னாள். காயத்ரி முகத்தில் எதையும் காட்டவில்லை. கெட்டிக்காரி அவள். டேப்லெட்டை வாங்கி, மூலையில் இருந்த ஒலிபெருக்கிப் படத்தை ஒருமுறை அமுக்கித் திருப்பிக் கொடுத்தாள். டேப்லெட் கேள்வியைத் தமிழில் சத்தமாகப் படித்தது. சந்திரகலா காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள். இதில் இப்படி ஒரு வசதி இருக்கிறதா என்று மூன்று பேரில் இரண்டு பேர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

கேள்வி ஒவ்வொன்றாகப் படித்தது. அவள் ஒவ்வொன்றாக அமுக்கினாள். 'திரையில் வரும் குறிப்புகளைப் படித்துப் புரிந்துகொள்வீர்களா?' என்று கேட்டபோது சாராள் வேறு பக்கம் பார்த்தாள். டொக்கென்று சத்தம் கேட்டது. ஒன்றுதான். புதிய செயலியை யார் உதவியும் இல்லாமல் பழகிக்கொள்வீர்களா என்றதற்கு அவள் நாலு போட்டாள். அதிலும் பொய் இல்லை. எழுத்து தெரியாமல் இத்தனை வருஷம் பத்துப் பேர் போனை ஓட்டியவளுக்கு நாலு குறைச்சல்தான். நாலு ஐம்பத்தாறுக்குக் கடைசிக் கேள்வி முடிந்தது. முப்பத்தொன்று.

காயத்ரி பதினோரு பேரையும் ஒன்றாக எடுத்துப் பயிற்சிப் பட்டியலுக்கு மாற்றினாள். கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம் சுற்றிக்கொண்டே நின்றது. மூன்று பேரும் மூச்சு விடாமல் அதையே பார்த்தார்கள். ஏற்றுக்கொண்டது. பயிற்சி நடக்கிற ஆறு வாரமும் யாரையும் இடம் மாற்ற முடியாது, முடித்தவர்கள் செக்கிங்கிலேயே இருப்பார்கள் என்று காயத்ரி சொன்னாள். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தினம் முக்கால் மணி நேரம் தனி வகுப்பு கேட்டு இப்போதே எழுதப்போகிறேன், கேட்க ஆள் இருக்கிறது என்று இன்றைக்குத்தானே தெரிந்தது என்றாள். சாராள் 'ஸ்தோத்திரம்' என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். 

பஸ் கிளம்பும் நேரத்தில் எல்லோருடைய போனும் ஒரே சமயத்தில் மணி அடித்தது. புதுப் பட்டியல். சின்ன எழுத்து, ஓடுகிற பஸ், ஆளாளுக்குப் பதற்றம். அஞ்சம்மாள் வழக்கம்போலத் தன் போனைச் சந்திரகலாவின் மடியில் போட்டு, என் பேர் இருக்கிறதா பார் என்றாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு போன் வந்து விழுந்தன.

சந்திரகலா மூன்று போனையும் அடுக்கி எடுத்தாள். பக்கத்து சீட்டில் இருந்த சாராளின் கையில் வைத்தாள்.

"எனக்குப் படிக்க வராது. அக்கா படிக்கட்டும், நானும் கேக்கறேன்" என்றாள். மெதுவாகச் சொல்லவில்லை. பின் சீட்டுவரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை. படிக்க வராதா என்று யாரும் திரும்பக் கேட்கவுமில்லை. அஞ்சம்மாள் நகர்ந்து வந்து சந்திரகலாவின் தோளில் கை போட்டுக்கொண்டாள். சாராள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பேரில் இருந்து படிக்க ஆரம்பித்தாள், பதினோராவது பேராகச் 'சந்திரகலா' என்று வந்தபோது போனை அவள் பக்கம் திருப்பி, விரலை வைத்து அது எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று காட்டினாள்.